தீர்வை ஏற்படாத தரிசு

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு ஜூலை மாதம், குந்தா மலைச் சரிவு ஒன்றில் மரம் நடு விழா. நாலு ஜீப், ஒரு வேன், ஒரு தண்ணீர் லாரி. மழை கொட்டிக்கொண்டிருந்தது. "இந்த மழையில தண்ணி லாரி எதுக்குங்க?" என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "மரம் நடுறதுன்னா லாரி வரணும் சார், பில்லுல இருக்கு" என்றார்.

சரிவு முழுக்கக் குழிகள். குழிக்கொரு சுண்ணாம்பு வட்டம். தலைமை விருந்தினரின் குழியைச் சுற்றி மட்டும் கோலம். அது மழையில் கரைந்து பால் சிந்திய மாதிரி ஆகியிருந்தது. பக்கத்தில் ரிப்பன் கட்டிய மண்வெட்டி. பந்தலுக்கடியில் மைக். "மொட்டையாக நிற்கும் இந்த மலைத்தாய்க்குப் பச்சைச் சேலை உடுத்த வந்திருக்கிறோம்" என்றார் பேச வந்தவர். கைதட்டல்.

மலைத்தாய் மொட்டையாக இல்லை. என் முழங்கால் வரை புல் நின்றது. கால்சட்டை நனைந்து, காலுறை நனைந்து, செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. எதிரே இரண்டு சரிவுகள் மடியும் இடத்தில் சோலை, காலிஃபிளவரைக் கவிழ்த்த மாதிரி உருண்டு திரண்டு இருந்தது. மீதி மலையெல்லாம் புல். மேகம் அதன் மேல் படுத்துப் புரண்டு எழுந்து போனது.

பக்கத்துக் குழியில் குனிந்து பார்த்தேன். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு வெறும் வேர். கயிற்றுமெத்தையைக் குறுக்கே அறுத்தது போல, மண்ணே தெரியாத பின்னல். அதற்குக் கீழே காப்பித்தூள் நிறத்தில் மண். ஒரு பிடி எடுத்து அழுத்தினேன். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தது. "மம்பட்டி எறங்கல சார், கடப்பாரை போட்டுத்தான் பேத்தோம்" என்றார் குழி வெட்டிய தொழிலாளி. பேர்த்தெடுத்த புல் கட்டிகள் வேர் வானத்தைப் பார்க்கக் கிடந்தன. போட்டோவுக்கு நின்றவர்கள், செருப்பில் சேறு ஒட்டாமல் இருக்க, அவற்றின் மேல்தான் ஏறி நின்றார்கள்.

பந்தலுக்கு வெளியே தோடர் பெரியவர் ஒருவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு எருமைகளோடு நின்றிருந்தார். "என்னங்க பெரியவரே, மரம் வெக்கறாங்க போல" என்றேன், பேச்சுக்கு.

"போன தடவ வெச்சதத்தான் அந்தப் பக்கம் இப்ப வெட்டறாங்க" என்றார். "இப்ப வெக்கறத எப்ப வெட்டுவாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

கேட்கவில்லை. எனக்கு டீயும் பன்னும் வந்துவிட்டது.

நம் அரசாங்கத் தமிழில் 'தரிசு' என்று ஒரு சொல் இருக்கிறது. தரிசுக்குள்ளும் மேல்சாதி கீழ்சாதி உண்டு. வரி போட்ட பிறகும் எவரும் உழாமல் கிடந்தால் அது தீர்வை ஏற்பட்ட தரிசு. வரி போடவே லாயக்கில்லை என்று ஒதுக்கியது தீர்வை ஏற்படாத தரிசு. இந்த நிலம் தண்ணீர் தருகிறதா, மண்ணைப் பிடித்து வைக்கிறதா, யாருடைய எருமைக்காவது சோறு போடுகிறதா என்று எழுதிக்கொள்ள அந்தப் பதிவேட்டில் பத்தி இல்லை. வெள்ளைக்காரன் போய்விட்டான், பதிவேடு போகவில்லை. 1985-ல் இதற்கென்றே தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் வைத்தார்கள். 2019-ல் வெளிவந்த இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பின் கணக்குப்படி நாட்டில் சுமார் 5 கோடியே 57 லட்சம் ஹெக்டேர் தரிசு. அதில் புல்லும் புதரும் முள்ளுமாக உயிரோடு இருக்கிற நிலங்கள் ஏராளம். மேம்பாடு என்ற பெயரில் யாராவது வந்து கழுத்தைப் பிடிக்கும்வரை அவை காத்திருக்கின்றன.

இந்த விஷயத்தில் நம் முன்னோர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து திணை வகுத்தவர்களுக்கு, ஆறாவதாகத் 'தரிசு' என்று ஒன்றைச் சேர்க்கத் தோன்றவில்லை. காய்ந்து கிடந்த நிலத்துக்கும் பாலை என்று பெயர் வைத்து, அதற்கொரு பறவை, ஒரு மரம், ஒரு பிரிவுத் துயரம் எல்லாம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். தாசில்தார் வேலை தெரியாத கூட்டம்.

விழா முடிந்து திரும்பும் வழியில், அந்தப் புல்லுக்கு முறைப்படி ஒரு நோட்டீஸாவது கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. ஆக்கிரமிப்பை அகற்றும்போதுகூட நோட்டீஸ் கொடுக்கிறார்கள். வாசகம் எப்படி இருந்திருக்கும் என்று மனசுக்குள் எழுதிப் பார்த்தேன்:

பெறுநர்: புல், குந்தா மலைச் சரிவு, நீலகிரி.

பொருள்: தரிசு – நீலகிரி மாவட்டம் – புல் – யாதொரு பணியும் செய்யாமல் நெடுங்காலமாக நின்றுகொண்டிருத்தல் – மரமாக மாறத் தவறியது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. முந்தைய ஆட்சிக் கோப்பு (கறையான் அரித்தது). 2. மேலிடத்து வாய்மொழி ஆணை.

பார்வையில் கண்டுள்ளவற்றின்படி, தாங்கள் மேற்படி சரிவில் எவ்வித வருவாயும் ஈட்டித் தராமலும், நிழல் தராமலும், செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரியாமலும் இருந்து வருவது இவ்வலுவலகக் கவனத்துக்கு வந்துள்ளது. தங்களைப் பிடுங்கி எறிந்து மரம் நடுவதற்கு ஆட்சேபணை இருப்பின் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் தங்களுக்கு விளக்கம் ஏதும் இல்லை எனக் கருதி மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.

புல்லுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மலையில் பலருக்கும் அந்தக் காலத்தில் தெரியாது. அப்படித்தான் அவர்களுடைய நிலமும் போயிற்று. ஆகவே அதன் சார்பில் நானே பதில் எழுதினேன்.

"ஐயா, வணக்கம். நான் சும்மா நிற்கிறேன் என்கிறீர்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று என் பக்கத்து ஊரான அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்றைக்குத் தங்கள் அலுவலகத்தில் விடுமுறை விட்டிருப்பார்கள். நாங்கள் விடுப்பு எடுக்கவில்லை. மழைத்துளி மண்ணை அடிக்காமல் இலையில் வாங்கி, தண்டு வழியாக இறக்கி, வேர்ப்பின்னலில் உறிஞ்சிக் கீழே கறுப்பு மண்ணுக்குள் அனுப்புவது எங்கள் வேலை. மழை நின்று நாலு மாதம் கழித்தும் பள்ளத்துச் சதுப்பில் தண்ணீர் கசியும். அந்தக் கசிவு ஓடையாகி, பவானியாகி, கேரளத்துக்குள் ஒரு சுற்று போய்த் திரும்பி, பில்லூரில் தேங்கி, கோயம்புத்தூர் வீட்டுக் குழாயில் வருகிறது. தாங்கள் காலையில் பல் துலக்கிய தண்ணீரில் எங்கள் கையெழுத்து இருக்கிறது.

நாங்கள் மரமாகவில்லை என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. டிசம்பரிலும் ஜனவரியிலும் இங்கே ராத்திரி வந்து பாருங்கள். உறைபனி விழும். காலையில் நாங்கள் வெள்ளையாக நிற்போம், மொறுமொறுவென்று. சோலையிலிருந்து பறவை கொண்டுவந்து போட்ட விதை முளைத்து எங்கள் நடுவே தலைகாட்டினால் அந்த ஒரு ராத்திரியில் கருகிப் போகும். பள்ளத்து மடிப்பில், காற்றுக்கும் பனிக்கும் ஒதுங்கி, சோலை தன் இடத்தில் இருக்கும். திறந்த சரிவில் நாங்கள் இருப்போம். எல்லைக்கல் நடாமல், சர்வேயர் வராமல், பட்டா மாற்றாமல் இந்தப் பாகப்பிரிவினை நடந்து முடிந்தது. வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை.

தீ வைத்தால் செத்துப் போவோம் என்றும் பயந்துவிட வேண்டாம். எங்கள் உயிர் தரைக்குக் கீழே இருக்கிறது. முன்பெல்லாம் தோடர்கள் பனிக்காலத்தில் புல்லைக் கொளுத்துவார்கள், புதுத் தளிர் வரும், எருமை மேயும். சதுப்பில் வளரும் ஒரு வகைப் புல்லை அறுத்துத்தான் அவர்கள் கோயிலுக்குக் கூரை வேய்கிறார்கள். வரையாடு எங்களைத் தின்று வளர்கிறது. அது தங்கள் மாநிலத்தின் விலங்கு என்று கேள்வி. நீலகிரி நெட்டைக்காலி என்று ஒரு சிறு பறவை, இந்த மலைத்தொடரை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாதது, எங்கள் காலடியில்தான் முட்டையிடுகிறது. அதற்கு மரம் தேவையில்லை. தங்களுக்கு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்று புரியவில்லை.

எங்களைப் பிடுங்க ஆட்சேபணை உண்டு."

இந்த மனுவின் மேல் என்ன குறிப்பு எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்: 'பார்த்தேன். கோப்பில் சேர்க்க.'

அதிகாரிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. பள்ளிப் புத்தகத்திலேயே வினை இருக்கிறது. தாவர வழிமுறை வளர்ச்சி என்று ஒரு பாடம் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? வெறும் பாறை, பாசி, புல், புதர், கடைசியில் மரம். அம்புக்குறி போட்டு ஐந்து மதிப்பெண்ணுக்கு வரைந்த படம். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புல்வெளி என்றால் இன்னும் பாஸாகாத காடு. கொஞ்சம் டியூஷன் வைத்தால், நாலு கன்று நட்டால், தேறிவிடும் என்று நினைக்கிறார்கள். இந்தக் கருத்தை 1916-ல் பெரிய புத்தகமாக எழுதிய ஃபிரெடரிக் கிளெமென்ட்ஸ் அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளியில் பிறந்து வளர்ந்தவர். அவரே, தன் ஊர்ப் புல்வெளி அந்த ஊர்த் தட்பவெப்பத்துக்கு உச்சநிலை என்றுதான் எழுதினார். அம்புக்குறி எல்லா ஊரிலும் மரத்தில்தான் போய் முடிய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. 'சூழல் மண்டலம்' என்ற கருத்துக்கே பெயர் சூட்டிய டான்ஸ்லி 1935-ல் கிளெமென்ட்ஸோடு சண்டை போட்டுத்தான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். அவர்கள் சண்டையெல்லாம் நமக்கு எட்டவில்லை. அம்புக்குறி மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

புல் மாறாதது என்று நான் சொல்லவில்லை. மாறாதது எதுவும் அந்த மலையில் இல்லை. பள்ளத்துச் சதுப்பில் மக்கிச் சேர்ந்த கரிமண்ணை ஆழமாகத் தோண்டி எடுத்து, அதிலுள்ள கார்பனை ஆராய்ந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமாரும் கூட்டாளிகளும் 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புல்லின் கார்பனுக்கும் மரத்தின் கார்பனுக்கும் வேறு வேறு சாயல் உண்டு. எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்று அதை வைத்துச் சொல்லலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் குளிர்ந்து பருவமழை மெலிந்திருந்தபோது, மலையில் புல் ஓங்கியிருந்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மழை வலுத்தபோது மரமும் ஈரத் தாவரங்களும் முன்னேறின. பிறகு மறுபடி புல். ஆயிரம் ஆயிரம் ஆண்டு எடுத்துக்கொண்டு, மழையையும் பனியையும் கேட்டுக் கேட்டு, புல்லும் சோலையும் ஓரடி முன்னே ஓரடி பின்னே நகர்ந்திருக்கின்றன. இதற்குப் பெயர் மாற்றம். நம் மாற்றத்துக்குக் கெடு மார்ச் 31. அதற்குள் நிதியைச் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும்.

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். பின்னாலேயே பங்களா வந்தது, கணப்பு வந்தது, கணப்புக்கு விறகு வேண்டியிருந்தது. சோலையை வெட்டினார்கள். சோலை மரம் வளர நூறு வருஷம் ஆகும் என்று தெரிந்ததும், சீக்கிரம் வளரும் மரம் தேடி ஆஸ்திரேலியாவுக்கு ஆள் அனுப்பாத குறையாக, 1840-களில் கற்பூர மரமும் சீகையும் கொண்டுவந்து வைத்தார்கள். நாம் யூக்கலிப்டஸ் என்றும் வாட்டில் என்றும் சொல்வது இவற்றைத்தான். இலையைக் காய்ச்சி எண்ணெய் இறக்கி, சீசாவில் அடைத்து, 'நீலகிரித் தைலம்' என்று பெயர் வைத்தோம். ஆஸ்திரேலிய மரத்தின் எண்ணெய்க்கு நீலகிரியின் பெயர். நீலகிரியின் புல்லுக்குத் தரிசு என்ற பெயர். சுற்றுலா வருகிறவர் ரெண்டு சீசா வாங்கிப் போகாமல் இருப்பதில்லை. நானும் வாங்கியிருக்கிறேன். சளிக்கு நல்லதுதான்.

வெள்ளைக்காரன் விறகுக்கு வைத்தான். சுதந்திரம் வாங்கிய நாம் தேச முன்னேற்றத்துக்கு வைத்தோம். 1950-ல் மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கினார். ஜூலை முதல் வாரம் என்றால் அன்றிலிருந்து மண்வெட்டிக்கு ரிப்பன். தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும் என்றார்கள். மேல் நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளி புல்வெளியாகச் சீகை ஏறியது. செயற்கை இழைக்கு மரக்கூழ் வேண்டும் என்றார்கள். கற்பூர மரம் லாரி லாரியாகச் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு இறங்கியது. அந்த ஆலையின் கழிவு பவானியில் விழுந்தது, மீன் செத்தது, கரையில் இருந்தவர்கள் போராடினார்கள், கடைசியில் ஆலை மூடிக்கிடக்கிறது. தோல் தொழிலோ பெரும்பாலும் குரோமியத்துக்குப் போய்விட்டது. (அது பாலாற்றுக்கு என்ன செய்தது என்பது வேறு கட்டுரை, இதைவிடக் கெட்ட வார்த்தைகள் தேவைப்படும்.) பட்டை கேட்டவனும் இல்லை, கூழ் கேட்டவனும் இல்லை. மரம் மட்டும் நிற்கிறது, யாரையும் கேட்காமல் பக்கத்துச் சரிவுக்கும் பரவிக்கொண்டு.

தெரியாமல் செய்தார்கள் என்று சமாதானம் சொல்வார்கள். ஊட்டியில் இருக்கும் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஓடைப் பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். மற்றதில் 59 விழுக்காட்டு நிலத்தில் கற்பூர மரம் வைத்தார்கள். இரண்டு ஓடையிலும் தண்ணீரை அளந்துகொண்டே இருந்தார்கள், வருஷக் கணக்கில். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் வைத்த ஓடையில் தண்ணீர் 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 விழுக்காட்டைத் தாண்டியது. அரசாங்கத்தின் சம்பளத்தில், அரசாங்கத்தின் கருவியில், அரசாங்கத்துக்காக அளந்தது. முதல் சுற்றின் கணக்கு 1980-களிலேயே அச்சில் வந்துவிட்டது. கீழே கோபியிலும் பவானியிலும் வாய்க்கால் மதகைத் திறக்கச் சொல்லி விவசாயி சாலை மறியல் செய்கிறார். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைக் குடித்தவனை மேலே நாம் விழா எடுத்து வரவேற்றோம் என்று அவரிடம் சொன்னவர் யார்?

பழனி மலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பதாண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு, அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. தோப்பும் விவசாயமும் தின்றவை. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பைன் மரங்களுக்கு நடுவே நின்று 'ஆஹா, இயற்கை' என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குதிரைச் சவாரி உண்டு, சோளம் உண்டு. காலடியில் ஊசியிலை மெத்தை. அதில் ஒரு புல் முளைக்காது. கல்லறைக்குப் பூச்செண்டு வைத்து அதன்முன் நின்று சிரிக்கிறோம்.

இப்படி அழிந்ததெல்லாம் கணக்கில் எப்படிப் பதிவாகும் என்று நினைக்கிறீர்கள்? வளர்ச்சி என்று. இந்திய வன அளவைத் துறையின் கணக்குப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரத்தலைகள் 10 விழுக்காடு மூடியிருந்தால் அது வனப் பரப்பு. எந்த நாட்டு மரம், காடா தோப்பா என்ற கேள்வி கிடையாது. ஆயிரக்கணக்கான ஆண்டு நின்ற புல்வெளி அதில் பூஜ்யம். அதைக் கொன்று சீகை வைத்தால் பசுமை கூடியது. இந்தக் கணக்கை எழுதியவர் வீட்டில் அரிசியும் உப்பும் ஒரே படியில்தான் அளப்பார்கள் போலிருக்கிறது.

2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து பத்தாண்டில் 33 ஆக்க வேண்டும். நாட்டு மரம்தான் நடுவோம் என்கிறார்கள், நல்ல விஷயம். பள்ளிக்கூடத்தில் நடுங்கள், சாலையோரம் நடுங்கள், மெரினாவில் வெயிலில் வாடுகிறவனுக்கு நிழல் கொடுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் 33 என்ற எண் ஒரு பசி. மாவட்டத்துக்கு இத்தனை லட்சம் கன்று என்று கீழே இறங்கும்போது, காலி நிலம் எங்கே என்று தேடுவார்கள். அரசு ஊழியரின் கண்ணுக்குக் காலியாகத் தெரிவது எது என்று மேலே சொல்லிவிட்டேன்.

அதே 2022-ல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. அன்னிய ஊடுருவல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்க ஒரு கொள்கையை மாநில அரசு அறிவித்தது. நீதிமன்றமும் அகற்றச் சொல்லி உத்தரவுமேல் உத்தரவு போட்டிருக்கிறது. ஒரே ஆண்டில் ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் கோடாரி. வைத்ததற்கு ஒரு பில், வெட்டுவதற்கு ஒரு பில். இரண்டுக்கும் ஒரே தண்ணீர் லாரி போவதாகக் கற்பனை செய்துகொள்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

வெட்டினால் புல் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் சீகையை அறியாதவர்கள். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு சாகாமல் கிடக்கும். தீயோ, மண்ணைப் புரட்டும் இயந்திரமோ வந்தால்தான் அதற்கு விடியும். ஜே.சி.பி. வைத்துச் சுத்தமாகப் பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்குப் போய்ப் பாருங்கள்: நாற்றங்கால் மாதிரி, கால் வைக்க இடமில்லாமல், சீகைக் கன்று. மரம் மண்ணில் ஏற்றி வைத்துவிட்டுப் போன நைட்ரஜன் வேறு களைக்கெல்லாம் உரம். மேல் நீலகிரியில் அப்படித் திறந்த இடங்களில் ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூச்செடி புகுந்துகொள்கிறது. அது வந்த இடத்திலும் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பழனி மலையில் வயதான சீகைத் தோப்புகளுக்குள் நடந்தால், அங்கங்கே சோலைக் கன்றுகள் முளைத்து நிற்பதைப் பார்க்கலாம். சீகையின் நிழல் உறைபனியைத் தடுக்கிறது; பறவை போட்ட விதை கருகாமல் தப்பிக்கிறது. புல் இருந்த இடத்தில் சீகை வந்து, சீகைக்கு அடியில் சோலை வருகிறது. இது நல்லதா கெட்டதா என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. எந்தச் சரிவை விட்டுவிடுவது, எந்தச் சரிவில் ஒவ்வொரு சீகையாகக் கையால் பிடுங்கி, ஒவ்வொரு புல் தூராக நட்டு, பத்துப் பதினைந்து வருஷம் திரும்பத் திரும்பப் போய்க் களை எடுப்பது என்று இடத்துக்கு இடம் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. அப்படிப் பொறுமையாகச் செய்கிறவர்கள் மலையில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு விழா கிடையாது. புல் நடு விழா என்று அழைப்பிதழ் அடித்தால் எந்த அமைச்சர் வருவார்? குனிந்து நட வேண்டும், போட்டோவில் முகம் விழாது.

வரையாட்டுக்கு 25 கோடி ரூபாய்த் திட்டம் வந்திருக்கிறது. 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025-ல் 1,303 என்று எண்ணியிருக்கிறார்கள். சந்தோஷம். எண்ணப்பட்ட ஆடுகள் அடுத்து எங்கே மேயும் என்பதையும் யாராவது எண்ணினால் சந்தோஷம் முழுமையாகும்.

2006-ல் பழனி மலையில் ஒரு சரிவில் குறிஞ்சி பூத்ததைப் பார்த்தேன். ஊதாவும் நீலமும் கலந்து இடுப்பளவுக்கு. அந்த வருஷம் அஞ்சல் தலைகூட வெளியிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து 2018-ல் அதே சரிவைத் தேடிப் போனேன். சீகைக்குள் வழி தெரியாமல் அரை மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பினேன். அடுத்த பூப்பு 2030-ல். அதற்குள் 33 விழுக்காட்டை நெருங்கியிருப்போம்.

ஜூலை முதல் வாரம் வரும். உங்களுக்கும் அழைப்பு வரும். வங்கியோ கல்லூரியோ ரோட்டரியோ, யாராவது அழைப்பார்கள். மலைக்கு என்றால் போங்கள், குளிர்ச்சியாக இருக்கும். ரிப்பன் கட்டிய மண்வெட்டியைக் கையில் கொடுக்கும்போது, குழிக்கு வெளியே கவிழ்ந்து கிடப்பது என்னவென்று ஒரு தரம் குனிந்து பாருங்கள். அது புல்லாக இருந்தால், வேர் மண்ணில் படும்படி அதைத் திருப்பிக் குழியிலேயே வைத்து, காலால் மெல்ல அழுத்திவிட்டு, டீயைக் குடித்துக் கீழே இறங்கிவிடுங்கள்.